கடனை வசூலிக்கும் இரண்டாம் பாதி



நம் ஊரில் ஒரு படம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் இரண்டு துண்டாகத்தான் வரும். ஃபர்ஸ்ட் ஹாஃப் பரவாயில்லை, செகண்ட் ஹாஃப் இழுவை என்பார்கள். இடைவேளைக்குப் பழகிப்போன ரசிகர்களின் பேச்சு இது. விவரம் தெரிந்தவர்கள் இதைக் கேலி செய்வதும் உண்டு. நான் செய்ய மாட்டேன். நம்மை இரண்டரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு அந்த நேரத்தை இந்த ஆள் என்ன செய்தான் என்று இயக்குநரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. நியாயமான கேள்விதான்.

குற்றப் படங்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: ஆரம்பம் பிரமாதம், போகப்போக இறங்கிவிட்டது. காரணமும் எளிது. ஒரு பிணம் கிடக்கிறது, யார் கொன்றது என்று தெரியவில்லை. இப்படி ஆரம்பிக்க யாராலும் முடியும். பதில் சொல்ல வேண்டிய இடத்தில்தான் சரக்கு தீர்ந்துபோகிறது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960இல் வந்த மாபெரும் படம். அதிலேயே கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து நின்று, கொலைகாரனின் மனசுக்குள் என்ன நடந்தது என்று பாடம் எடுக்கிறார். அதுவரை நம் முதுகில் ஊர்ந்துகொண்டிருந்த பயம் அந்தச் சில நிமிடங்களில் குறிப்பேட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஹிட்ச்காக்குக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிப் பேச வேண்டாம். நம் படங்களில் வில்லனுக்கு ஒரு சின்ன வயது ஃபிளாஷ்பேக், அப்புறம் ஒரு பாழடைந்த தொழிற்சாலை, அங்கே ஒரு சண்டை. முடிந்தது.

நான் இன்றைக்குப் பேச வந்திருப்பது இதற்கு நேர்மாறான ஒரு படத்தைப் பற்றி. தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ 2003இல் எடுத்த ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’. போங் என்றால் இப்போது எல்லோருக்கும் ‘பாரசைட்’ ஞாபகம் வரும். 2020இல் சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கிய படம். அதற்குப் பதினேழு வருடங்களுக்கு முன்னால், தன்னுடைய இரண்டாவது படமாக அவர் இதை எடுத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று சொச்சம். கொரியாவில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் திரையரங்கில் பார்த்தார்கள். சென்ற வாரம் இங்கே திரையிட்டபோது உங்களில் பலர் பார்த்தீர்கள். பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும், முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். படத்தில் கொலைகாரன் யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். படமே அதைச் சொல்லவில்லை.

முதலில் சம்பவம். சியோலுக்குத் தெற்கே க்யோங்கி மாகாணத்தில் ஹ்வாசோங் என்ற பகுதி. அப்போது வயலும் சிறு தொழிற்சாலைகளுமாக இருந்த நாட்டுப்புறம். 1986 செப்டம்பர் முதல் 1991 ஏப்ரல் வரை அங்கே பத்துப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார்கள். பதின்மூன்று வயதுச் சிறுமியும் அதில் உண்டு, எழுபது தாண்டிய மூதாட்டியும் உண்டு. பலரை அவர்கள் போட்டிருந்த துணியாலேயே கொலைகாரன் கட்டியிருந்தான். இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் போலீஸ் விசாரித்தது. ஆள் கிடைக்கவில்லை. இதை வைத்து கிம் க்வாங்-ரிம் என்பவர் 1996இல் ஒரு நாடகம் எழுதினார். அந்த நாடகத்தையும், தானே துப்பறிவாளர்களையும் பத்திரிகைக்காரர்களையும் தேடிப்போய்க் கேட்டுச் சேகரித்ததையும் வைத்துத்தான் போங் திரைக்கதை அமைத்தார்.

இப்போது அந்தப் படம் எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். பொன்னாக விளைந்து கிடக்கும் நெல்வயல். ஒரு பையன் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருக்கிறான். டிராக்டர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து உள்ளூர்த் துப்பறிவாளர் பார்க் டூ-மான் வருகிறார். நடித்தவர் சாங் காங்-ஹோ. வயலோரத்து வடிகாலுக்கு மேல் மூடியிருக்கும் பலகையின் கீழே எட்டிப் பார்க்கிறார். உள்ளே கைகள் கட்டப்பட்ட ஒரு பெண்ணின் உடல், மேலே எறும்புகள். மேலே அந்தப் பையன் பார்க் சொல்வதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லிக் கேலி செய்துகொண்டிருக்கிறான். பயங்கரமும் சிரிப்பும் பக்கத்துப் பக்கத்தில்.

அதற்கு அடுத்த கொலை நடந்த இடத்தைக் காட்டும் காட்சி இன்னும் மோசமான சிரிப்பு. வெட்டில்லாமல் நீளும் ஒரே ஷாட். வேடிக்கை பார்க்க ஊரே வந்திருக்கிறது, பிள்ளைகள் குறுக்கே ஓடுகிறார்கள். மண்ணில் பதிந்த காலடித் தடத்தைச் சுற்றிக் கோடு போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார் பார்க். கத்திக் கத்திப் பார்த்தும் நிற்காமல் டிராக்டர் அதன்மேல் ஏறிப்போகிறது. தடயவியல் ஆள் வரப்புச் சரிவில் வழுக்கி விழுகிறார். மேலதிகாரியும் விழுகிறார். தியேட்டரில் சிரிப்பு அடங்குவதில்லை.

இந்த முதல் முக்கால் மணி நேரத்தைப் பற்றி நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அது தொளதொளவென்றுதான் இருக்கும். கொலை நடந்த இடத்தில் கொலைகாரனின் முடி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, எனவே உடம்பில் முடியே இல்லாத ஆளாக இருப்பான் என்று முடிவுகட்டி, பொதுக்குளியலறையில் போய் உட்கார்ந்து ஆண்களை உற்று உற்றுப் பார்க்கிறார் பார்க். அப்புறம் குறி சொல்லும் ஒரு அம்மாவிடம் போய்த் தாயத்துக் காகிதம் வாங்கி வருகிறார். இவை கொஞ்சம் இழுவைதான். சியோலிலிருந்து தானாக விருப்பம் தெரிவித்து வரும் சியோ டே-யூன் என்ற துப்பறிவாளரை, பெண்ணைத் துரத்துகிற பொறுக்கி என்று நினைத்து பார்க் பறந்து உதைக்கும் காட்சியும் மலிவான நகைச்சுவையே. இதென்ன, தொடர்கொலையைப் பற்றிய படமா அல்லது போலீஸ் ஸ்டேஷன் காமெடியா என்று எழுந்து போய்விடத் தோன்றும். போகாதீர்கள் என்பதுதான் என் பேச்சின் சாரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஏனென்றால் போங் நமக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு சிரிப்பும் ஒரு கடன். கணக்கு எழுதி வைத்துக்கொள்கிறார். இரண்டாம் பாதியில் வட்டியோடு வசூலிக்கிறார். இந்தப் படம் போகப்போக ஏறுவதற்கு, புதிதாக எதையாவது கொண்டுவந்து சேர்ப்பது காரணமல்ல. முதலில் சிரிப்புக்காகக் காட்டிய அதே பொருளை, அதே ஆளை, அதே பழக்கத்தைத் திரும்ப நம் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. இந்தத் தடவை சிரிக்க முடிவதில்லை.

மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, பூட்ஸ். பார்க்கின் கூட்டாளி சோ யோங்-கூ என்றொரு துப்பறிவாளர். பேச மாட்டார், உதைப்பார். அவர் கால்தான் அவருடைய விசாரணை முறை. சந்தேக நபரை உதைக்கும் முன் தன் ராணுவ பூட்ஸின் மேல் ஒரு துணி உறையைப் போட்டுக்கொள்வார், உடம்பில் தடம் விழக்கூடாது பாருங்கள். அந்த உறையை அவர் அக்கறையாக மாட்டும் விதம் சிரிப்பை வரவழைக்கும். வெற்றிமாறனின் ‘விசாரணை’ காவல் நிலைய அடியைக் காட்டும்போது நம்மை ஒரு நொடிகூடச் சிரிக்க விடுவதில்லை. அது நேர்மையான ஒரு வழி. போங்கின் வழி வேறு. அவர் நம்மைச் சிரிக்க வைத்து உடந்தையாக்குகிறார்.

அந்தக் கால் என்ன ஆகிறது? சித்திரவதைக்காகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு போலீஸ் அதிகாரியைப் பற்றிய செய்தி ஒரு சாப்பாட்டுக் கடையின் தொலைக்காட்சியில் ஓடுகிறது. பக்கத்து மேசை மாணவர்கள் போலீஸைத் திட்டுகிறார்கள். குடித்திருக்கும் சோ தொலைக்காட்சியை உடைக்கிறார். கைகலப்பாகிறது. அங்கே இருக்கும் ஒரு பையன், முன்பு இதே சோவிடம் உதை வாங்கிய பையன், ஆணி அடித்த பலகையால் அவர் காலில் ஓங்கி அடிக்கிறான். துருப்பிடித்த ஆணி. ஊசி போடாமல் விட்டுவிடுகிறார்கள். டெட்டனஸ். காலை எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடுவது பார்க்தான். அந்தக் கால் உதைத்தபோதெல்லாம் நாம் சிரித்தோம். இப்போது அது இல்லை, இருந்தும் நமக்கு ஒரு திருப்தியும் வருவதில்லை. வினை விதைத்தவன் வினை அறுத்தான் என்று சொல்லி எழுந்துபோகவும் படம் விடுவதில்லை. சோ மேல் நமக்குப் பாவமாக இருக்கிறது. இதுதான் போங்கின் தந்திரம்.

இரண்டாவது, அந்தப் பையன். பெயர் பேக் குவாங்-ஹோ. முகத்திலும் கையிலும் தீப்பட்ட வடு, கொஞ்சம் மனவளர்ச்சி குறைந்தவன். செத்துப்போன பெண்ணின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தான் என்று யாரோ சொன்னதை வைத்து அவனைத் தூக்கி வருகிறார்கள். அவனுடைய ஷூவைக் கொண்டுபோய் மண்ணில் அழுத்திப் பொய்த் தடம் உண்டாக்குகிறார் பார்க். பிறகு அவனுக்கே ஒரு புது ஷூ வாங்கிக் கொடுக்கிறார்; ‘நைக்கி’ இல்லை, ‘நைஸ்’ என்று எழுதிய போலி. அடி, மிரட்டல், நடுவில் நூடுல்ஸ். தொலைக்காட்சியில் ஒரு துப்பறியும் தொடர் வரும்போது அடித்தவரும் அடிபட்டவனும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறார்கள். இதைவிட இயல்பான, இதைவிடக் கேவலமான காட்சியை நான் குற்றப் படங்களில் பார்த்ததில்லை. யாரும் கெட்டவனாக நடிக்கவில்லை. அன்றாட வேலை நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இரவில் காட்டுக்கு அழைத்துப்போய்க் குழி தோண்ட வைத்து மிரட்டும்போது பேக் கொலையைப் பற்றி விவரமாகச் சொல்கிறான். ஒப்புக்கொண்டான் என்று கொண்டாடுகிறார்கள். பத்திரிகைக்காரர்கள் முன்னால் நடித்துக்காட்டச் சொன்னபோது, நான் செய்யவில்லை என்று தன் அப்பாவைப் பார்த்துக் கதறுகிறான், எல்லாம் கவிழ்கிறது. அந்தக் கைகளால் இப்படி முடிச்சுப் போடவே முடியாது என்பது சியோவுக்கு முன்னமே புரிந்த விஷயம். இது முதல் பாதி. இரண்டாம் பாதியில், வேறு ஒரு சந்தேக நபர் சிக்கிய பிறகு, பழைய ஒலிநாடாவை மறுபடி போட்டுக் கேட்கிறார்கள். அப்போதுதான் உறைக்கிறது: அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கவில்லை, பார்த்ததைச் சொல்லியிருக்கிறான். இந்த ஊரிலேயே கொலைகாரன் முகத்தைக் கண்ட ஒரே சாட்சி அவன்தான். வாயைத் திறக்க வைக்க அடித்த அடியில், அவன் சொன்னதைக் காதில் வாங்க மறந்துவிட்டார்கள்.

ஓடிப்போய் அவனைப் பிடிக்கிறார்கள். போட்டோவைக் காட்டிக் கேட்கிறார்கள். போலீஸைக் கண்டதும் அவனுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. தன்னைத் தீயில் தள்ளிய பழைய நாளைப் பற்றிப் பேசுகிறான். பிறகு தண்டவாளத்தில் ஏறுகிறான். ரயில் வருகிறது. படத்தின் உச்சம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். பின்னால் வரும் சுரங்கப்பாதைக் காட்சிகூட இதற்கு அடுத்ததுதான்.

மூன்றாவது, கண். பார்க் டூ-மானுக்கு ஒரு பெருமை உண்டு. ஆளைக் கண்ணுக்குள் பார்த்தாலே குற்றவாளியா இல்லையா என்று தனக்குத் தெரியும் என்பார். அவருடைய மேலதிகாரி ஒருநாள் சோதிக்கிறார். ஸ்டேஷனில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் பெண்ணைக் கெடுத்தவன். இன்னொருவன் அந்தப் பெண்ணின் அண்ணன், அவனைப் பிடித்துக்கொண்டு வந்தவன். யார் எவர் என்று சொல் பார்க்கலாம் என்கிறார். பார்க் உற்றுப் பார்க்கிறார். நாமும் உற்றுப் பார்க்கிறோம். காட்சி அங்கேயே வெட்டுப்படுகிறது. விடை கடைசிவரை கிடையாது. முதல் பாதியில் அது ஒரு சின்ன வேடிக்கை. அதுதான் முழுப் படத்துக்கும் வினாத்தாள் என்பது பின்னால்தான் தெரிகிறது.

சியோ இதற்கு எதிர்முனை. சியோலில் இருந்து வந்தவர், காகிதத்தை நம்புகிறவர். காகிதம் பொய் சொல்லாது என்பது அவர் கொள்கை. மழை பெய்யும் இரவுகளில், சிவப்பு உடை போட்ட பெண்கள் என்று ஒரு ஒழுங்கைக் கண்டுபிடிப்பதும், காணாமல்போனவர்கள் பட்டியலை வைத்து இன்னொரு உடலைத் தோண்டி எடுக்க வைப்பதும் அவர்தான். கொலை நடந்த ஒவ்வொரு இரவும் வானொலியில் யாரோ ஒரே பாட்டைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிப்பது மட்டும் அவர் இல்லை. அது ஸ்டேஷனில் இருக்கும் பெண் காவலர் க்வோன். அஞ்சலட்டையின் வழியாக ஒரு பெயர் கிடைக்கிறது: பார்க் ஹியோன்-க்யூ, தொழிற்சாலை அலுவலக ஊழியன். முதல் கொலைக்குச் சற்று முன்தான் ஊருக்கு வந்தவன். தப்பிப் பிழைத்த ஒரு பெண், தன்னைத் தாக்கியவனின் கை மெத்தென்று இருந்தது என்று சொல்லியிருந்தாள். இவன் கையும் மெத்தென்று இருக்கிறது.

இங்கேதான் படம் தன் பழைய உடுப்பைக் கழற்றிவிட்டு வேறு ஏதோ ஒன்றாக மாறுகிறது. மெல்ல மெல்ல இருவரும் இடம் மாறுகிறார்கள். பார்க் நிதானமாகிறார். சியோ வெறிபிடித்தவராகிறார். அவருக்குப் பழக்கமான ஒரு பள்ளிச் சிறுமியின் உடல் மழையில் கிடக்கிறது. சில நாட்களுக்கு முன் அவள் உடம்பில் அவர் தன் கையால் ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது. கொரியாவில் அப்போது மரபணுச் சோதனை வசதி இல்லாததால் மாதிரியை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். சியோ காத்திருக்கவில்லை. கொட்டுகிற மழையில், ரயில் சுரங்கப்பாதையின் வாசலில், ஹியோன்-க்யூவை இழுத்துப்போட்டு உதைக்கிறார், துப்பாக்கியை நீட்டுகிறார். அந்த நேரத்தில் பார்க் கடிதத்தோடு ஓடிவருகிறார். பொருந்தவில்லை என்று எழுதியிருக்கிறது. இந்தக் காகிதம் பொய் என்கிறார், காகிதம் பொய் சொல்லாது என்ற மனிதர். இன்னொரு பக்கம் பார்க், ஹியோன்-க்யூவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணுக்குள் பார்க்கிறார். எனக்குத் தெரியவில்லை என்கிறார். பிறகு அவனிடம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறார். அந்த இடத்தில் வரவே வேண்டாத கேள்வி. சாங் காங்-ஹோ படப்பிடிப்பில் தானாகவே சேர்த்துப் பேசியது அது என்பார்கள். கொரியர்கள் இன்றும் திருப்பிச் சொல்லும் வசனம்.

இரண்டு முறைகளும் தோற்றுப்போகின்றன. ஊர்க்காரனின் உள்ளுணர்வும் தோற்கிறது, நகரத்தானின் விஞ்ஞானமும் தோற்கிறது. வழக்கமாக இந்த மாதிரி இரட்டைத் துப்பறிவாளர் கதைகளில் ஒருவர் மற்றவரிடம் பாடம் கற்றுக்கொண்டு இருவரும் சேர்ந்து ஜெயிப்பார்கள். இங்கே ஒருவர் மற்றவரின் நோயைத் தொற்றிக்கொள்கிறார்.

இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அது பின்புலத்தில் சுவரொட்டி மாதிரி ஒட்டப்பட்டிருக்கவில்லை. 1986 என்பது சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சிக்காலம். அடுத்த வருடம் ஜனவரியில் ஒரு மாணவர் போலீஸ் சித்திரவதையில் செத்துப்போனார். ஜூனில் நாடே தெருவுக்கு வந்தது. படத்தில் வானொலியில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது, மழை பெய்கிறது, இன்றிரவு கொலை நடக்கப்போகிறது என்று ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரிகிறது. கூடுதல் படை அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் கேட்கிறார்கள். ஆளில்லை, எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள் என்று பதில் வருகிறது. இன்னொரு இரவில் வான்தாக்குதல் ஒத்திகை. சைரன் ஒலிக்க, ஊர் முழுக்க விளக்குகளை அணைத்து, கடைகள் கதவை இழுத்துச் சாத்துகின்றன. எதிரி விமானத்துக்காக அரசாங்கம் உண்டாக்கும் அந்த இருட்டிலேதான் கொலைகாரனும் நடமாடுகிறான். ஒரு பிரசங்கம்கூட இல்லாமல் ஓர் ஆட்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியும் என்பதற்கு இந்தச் சில ஷாட்டுகளே போதும். முதல் பாதியில் கோமாளிகளாகத் தெரிந்த அந்தப் போலீஸ்காரர்கள் ஏன் அப்படி இருக்கிறார்கள் என்பதும் அப்போது விளங்குகிறது. இளைஞர்களைப் பிடித்து அடிப்பதற்கென்றே பழக்கப்பட்ட ஒரு துறை அது. துப்பறிய அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒளிப்பதிவைப் பற்றியும் இசையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரம் போதாது. ஒளிப்பதிவாளர் கிம் ஹ்யூங்-கூ முதல் காட்சியிலும் கடைசிக் காட்சியிலும் மட்டும் வெயிலைத் தாராளமாக விட்டிருக்கிறார். நடுவில் எல்லாம் மேகமும் சேறும். ஜப்பானியர் டாரோ இவாஷிரோவின் இசை அடக்கமானது. ஒரே ஒரு காட்சியை மட்டும் சொல்ல ஆசை. மழை இரவில் குடையோடு வயல் வழியே ஒரு பெண் தனியாக நடக்கிறாள். பயத்தைப் போக்க ஒரு பாட்டை முணுமுணுக்கிறாள். எங்கிருந்தோ சீட்டியொலியில் அதே பாட்டு பதிலாக வருகிறது. திரும்பிப் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால், தூரத்து வயலில், ஒரு தலை மெல்ல எழும்புகிறது. ரத்தமும் இல்லை, கத்தியும் இல்லை. இந்தப் படத்தை வன்முறைப் படம் என்கிறோம். கொலைகளைவிட ஸ்டேஷனில் விழும் அடிகளைத்தான் அது அதிகம் காட்டுகிறது.

கடைசியில் கதை 2003க்குத் தாவுகிறது. பார்க் போலீஸ் வேலையை விட்டுவிட்டுச் சாறு பிழியும் இயந்திரம் விற்கிறார். மனைவி, பிள்ளைகள், கோட்டு, கழுத்துப்பட்டை. வழியில் அந்த வயலைப் பார்த்து வண்டியை நிறுத்தி வடிகாலில் எட்டிப் பார்க்கிறார். ஒன்றுமில்லை. ஒரு பள்ளிச் சிறுமி, கொஞ்ச நாள் முன்னால் இன்னொரு ஆளும் வந்து இப்படித்தான் பார்த்தார், முன்பு இங்கே ஒன்று செய்தது ஞாபகம் வந்ததாகச் சொன்னார் என்கிறாள். ஆள் எப்படி இருந்தான்? சாதாரணமாக இருந்தான். பார்க் திரும்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கொலைகாரன் இந்தப் படத்தைப் பார்க்க வந்திருந்தால் அவன் கண்ணுக்குள் பார்க்கட்டும் என்றுதான் அப்படி வைத்ததாக போங் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஒரு படம் போகப்போக நன்றாகிறது என்று சொல்லும்போது நாம் கடைசி ரீலோடு நிறுத்திக்கொள்வோம். இந்தப் படம் விளக்குப் போட்ட பிறகும் போய்க்கொண்டே இருந்தது. அப்போதைய கொரியச் சட்டப்படி கொலை வழக்குக்குப் பதினைந்து வருடம்தான் காலவரம்பு. கடைசி வழக்குக்கும் 2006 ஏப்ரலில் அது முடிந்துபோனது. 2019 செப்டம்பரில், ‘பாரசைட்’ கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய அதே வருடம், பழைய தடயப் பொருட்களிலிருந்த மரபணு ஒரு ஆளோடு பொருந்தியது. லீ சுன்-ஜே. 1994இல் மனைவியின் தங்கையைக் கெடுத்துக் கொன்றதற்காகப் பூசான் சிறையில் ஆயுள்கைதியாக இருந்தவன். பத்துக் கொலைகளையும், கூடவே வேறு நான்கையும் ஒப்புக்கொண்டான். படம் வந்தபோது அவன் தியேட்டரில் உட்கார்ந்திருக்கச் சாத்தியமே இல்லை. கம்பிக்குப் பின்னால் இருந்தான். சிறையில் அந்தப் படத்தைப் பார்த்தேன், சும்மா ஒரு படமாகத்தான் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்று 2020இல் நீதிமன்றத்தில் சொன்னான்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. அந்தக் காலத்திலேயே போலீஸ் அவனை அழைத்து விசாரித்திருந்தது. ஆனால் கொலைகாரனின் ரத்தவகை பி என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்; அவனுடையது ஓ. போகச் சொல்லிவிட்டார்கள். சியோவின் காகிதம் நிஜத்தில் இப்படிப் பொய் சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எட்டாவது கொலைக்கு மட்டும் 1989இல் ஒருவரைப் பிடித்திருந்தார்கள். இளம்பிள்ளைவாதத்தால் கால் ஊனமான ஓர் இளைஞர். தூங்கவிடாமல், அடித்து, ஒப்புதல் வாங்கி, ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். இருபது வருடம் சிறையில் இருந்து 2009இல்தான் பரோலில் வந்தார். 2020 டிசம்பரில் நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பேக் குவாங்-ஹோவைக் குழி தோண்ட வைத்து ஒப்புதல் வாங்கும் காட்சியைப் பார்த்து 2003இல் ஐம்பது லட்சம் பேர் சிரித்தபோது, நிஜமான ஒரு பேக் சிறைக்குள் இருந்தார். போங்குக்கு அப்போது அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அந்தக் காட்சி இன்று பார்க்கும்போது முன்பிருந்த காட்சி அல்ல. நான் இழுவை என்று சொன்ன அந்த முதல் முக்கால் மணி நேரம் இப்போது தாங்க முடியாததாகிவிட்டது. அந்தக் கணக்கை முடித்துவைத்தது ஒரு நீதிமன்றம்.

குறையே இல்லாத படம் என்று சொல்லிப் போகவும் எனக்கு மனமில்லை. பெண்கள் விஷயத்தில் இந்தப் படம் பாதி வழிதான் வந்திருக்கிறது. பாட்டுத் தடயத்தைக் கண்டுபிடித்த க்வோன் அதற்குப் பிறகும் ஸ்டேஷனில் ஓரத்தில்தான் இருக்கிறார். சிவப்பு உடை போட்டு மழையில் இரையாக நடக்க மட்டும் அவர் வேண்டியிருக்கிறது. அதைப் படம் கவனித்துக் காட்டுகிறது என்று வாதிடலாம். கவனிப்பதோடு நின்றுவிடுகிறது என்பேன் நான். செத்துப்போன பெண்கள் யார், என்ன வேலை செய்தார்கள், வீட்டில் யார் அவர்களுக்காகக் காத்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் குடைக்காரப் பெண்ணையும் பள்ளிச் சிறுமியையும் தவிரப் படத்தில் இடமில்லை. இறந்தவர்கள் இரண்டு ஆண்களின் தோல்விக்கு அளவுகோலாகிவிடுகிறார்கள். இந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் இருக்கிற வியாதி இது. நான்கு வருடம் கழித்து டேவிட் ஃபிஞ்சர் எடுத்த ‘ஸோடியாக்’ படமும் பிடிபடாத கொலைகாரனைப் பற்றியதுதான், அதிலும் இதே கதை. இந்த ஒரு கடனைப் போங் வசூலிக்கவும் இல்லை, தானே அடைக்கவும் இல்லை.

நான் எடுத்துக்கொண்ட நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது தடவை பார்க்கிறவர்கள், ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு இளைஞர்களை நன்றாகப் பாருங்கள். அவர்களில் யார் அண்ணன் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள், கேள்வி நேரத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.